தனிநபர் மரபணு பரிசோதனையை மக்கள் எதற்காகச் செய்துகொள்கிறார்கள், அதை எப்படிப் பார்க்கிறார்கள்?

நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் தங்கியிருக்கும் உங்களுக்கு, மருமகள் பிறந்தநாள் பரிசாக உமிழ்நீர்ப் பரிசோதனைப் பெட்டி ஒன்றைக் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 64 வயதில், சர்க்கரையைத் தவிர வேறு நோய் எதுவும் இல்லாத நிலையில் இதைச் செய்துகொள்ளத்தான் வேண்டுமா, நோயே இல்லாதவர்கள் காசு கொடுத்து இதை ஏன் செய்துகொள்கிறார்கள், செய்துகொண்டவர்கள் பிறகு என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையின் மரபணு ஆலோசனைப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பெட்டி வாங்குகிறவர்களில் பலர் இந்தக் கேள்வியை முடிவு கைக்கு வந்த பிறகுதான் கேட்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எச்சிலில் கலந்திருக்கும் உயிரணுக்களிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, ஒரு சிறிய சிப்பின் உதவியால், முன்பே தேர்ந்தெடுத்து வைத்த இடங்களில் எந்த எழுத்து, அதாவது டி.என்.ஏ.வின் எந்த வேதி அலகு, இருக்கிறது என்று பார்க்கிறார்கள். நம் மரபுத் தொகுதியில், அதாவது முழு டி.என்.ஏ.வில், ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. சிப் பார்ப்பது சுமார் 6 லட்சம் இடங்களை. அதாவது 5,000 எழுத்துகளுக்கு ஒன்று. கலிபோர்னியாவின் 23அண்ட்மீ நிறுவனம் 2007 நவம்பரில் இதை 999 டாலருக்கு விற்கத் தொடங்கியது. 2012 முடிவதற்குள் விலை 99 டாலருக்கு இறங்கிவிட்டது. கடையில் பொம்மை வாங்குவதைப் போல ஒருவர் தன் மரபணுவைப் பற்றிய தகவலை வாங்க முடிந்ததும், பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுக்க முடிந்ததும் அந்த விலை இறக்கத்துக்குப் பிறகுதான்.

வாங்கியவர்கள் எதற்காக வாங்கினார்கள் என்பதை அவர்களிடமே கேட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஹார்வர்டு, மிச்சிகன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012-இல் இரண்டு நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் 1,600-க்கும் மேற்பட்டோரிடம் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் கேள்விகள் கேட்டார்கள். தங்கள் முன்னோர் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று அறிவதில் மிகுந்த ஆர்வம் என்றவர்கள் 74 சதவீதம். தங்களுக்கு என்ன நோய் வரக்கூடும் என்று அறிவதில் ஆர்வம் என்றவர்கள் 72 சதவீதம். உடல், குணக்கூறுகளை அறிவதில் ஆர்வம் காட்டியவர்களும் அதே அளவு. பிறகு வருந்தியவர்கள் 2 சதவீதம்தான். முடிவால் தீங்கு நேர்ந்தது என்றவர்கள் 1 சதவீதம். இந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியுள்ள வெள்ளையர்கள் என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனால் இவற்றுள் என் கவனத்தைப் பிடித்து நிறுத்திய எண் வேறொன்று. விரும்பாத செய்தி ஏதாவது வந்துவிடக்கூடுமே என்பதைப் பரிசோதனைக்கு முன் தாங்கள் நினைத்தே பார்க்கவில்லை என்று சொன்னவர்கள் 38 சதவீதம்.

ஆர்வத்தால் செய்துகொள்கிறவர்களை மருத்துவத் துறையினர் சிலர் இளக்காரமாகப் பேசுவதுண்டு; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தத்துக் கொடுக்கப்பட்ட ஒருவர் தன் ரத்த உறவைத் தேடுவதை வெறும் ஆர்வம் என்று எப்படி ஒதுக்குவது? அமெரிக்கக் கறுப்பின மக்களில் பலரின் முன்னோர், அடிமைகளாக இருந்த காலம் முழுவதும் பெயரில்லாமல் எண்ணிக்கையாக மட்டுமே பதிவானார்கள். அவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லிப் பதிந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு 1870-இல் நடந்தது. அதற்கு முந்தைய காலத்துக்கு அவர்களிடம் இருக்கும் ஆவணம் அவர்களுடைய உடல்தான். நம்மவர்களின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர்களின் பெயர், தந்தை பெயர், சாதி, ஊர் ஆகியவை கப்பல் பதிவேடுகளில் இருக்கின்றன. டர்பனில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் தன் பூர்விகத்தைத் தேடினால், உமிழ்நீர்க் குழாய் அவர்களுக்குத் தென்னிந்தியா என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும். கொள்ளுத்தாத்தாவின் ஊர்ப் பெயரைச் சொல்லக்கூடியது அந்தப் பழைய பதிவேடுதான்.

நோய் பற்றி அறிந்துகொள்வதற்கு வருகிறேன். இந்தப் பெட்டிகள் சந்தைக்கு வந்தபோது மருத்துவர்கள் ஒன்றுக்கு அஞ்சினார்கள். விற்பவர்கள் வேறொன்றைச் சொல்லி விற்றார்கள். துணைக்கு ஆள் இல்லாமல் கெட்ட செய்தியைப் படிக்கிறவர் மனம் உடைந்துவிடுவார் என்பது மருத்துவர்களின் அச்சம். ஆபத்தைத் தெரிந்துகொண்டவர் உணவையும் பழக்கத்தையும் திருத்திக்கொள்வார் என்பது விற்பவர்களின் வாக்குறுதி. இரண்டுமே அவர்கள் சொன்ன அளவில் நடக்கவில்லை. அல்சைமர் நோயாளிகளின் வயதுவந்த பிள்ளைகள் 162 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. அந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் ஏ.பி.ஓ.இ. மரபணுவின் நிலையை அறிந்துகொண்டவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் ஓராண்டு முடிவில் கவலையிலோ மனச்சோர்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தார் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 2,000-க்கும் மேற்பட்டோரை முடிவு தெரிந்து ஏறக்குறைய ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, அவர்களுடைய கவலையும் கூடவில்லை, கொழுப்பு உண்பதும் குறையவில்லை, உடற்பயிற்சியும் மாறவில்லை. மனிதர்கள் நாம் நினைப்பதைவிட உறுதியானவர்கள், அதே சமயம் நாம் நினைப்பதைவிடப் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் இந்த எண்களைக் கொண்டு எல்லா மரபணுத் தகவலையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. தெரிந்துகொண்டால் செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்பதைப் பொறுத்தே மக்களின் விருப்பம் தலைகீழாக மாறுகிறது. டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனின் மரபுத் தொகுதி 2007-இல் முழுமையாக வாசிக்கப்பட்டது. தன் பாட்டிக்கு அல்சைமர் இருந்ததால், ஏ.பி.ஓ.இ. பற்றி மட்டும் தனக்குச் சொல்லவும் வேண்டாம், வெளியிடவும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். மரபணுவியலின் மூத்தவருக்கே தெரியாமல் இருப்பது ஒரு தேர்வாக இருந்தது.

ஹன்டிங்டன் நோயில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பெற்றோரில் ஒருவருக்கு அந்நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. பெரும்பாலும் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் தொடங்கி மூளையைச் சிறிது சிறிதாக அழிக்கும். அதை நிறுத்த மருந்து கிடையாது. பரிசோதனை வருவதற்கு முன் நடந்த கணக்கெடுப்புகளில், வந்தால் செய்துகொள்வோம் என்றவர்கள் பாதிக்கும் மேல். 1993-இல் மரபணு கண்டறியப்பட்டு, உறுதியான பரிசோதனை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகு, உண்மையில் செய்துகொண்டவர்கள் பெரும்பாலான நாடுகளில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மரபணுவைத் தேடி வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரைக் கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் ரத்த மாதிரி சேகரித்த நான்சி வெக்ஸ்லரின் தாய் அந்நோயால் இறந்தவர். வெக்ஸ்லர் தனக்கு மட்டும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. தமக்கு அந்நோய் இருப்பதை 2020-இல் வெளிப்படையாகச் சொன்னார்.

மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களின் கதை இதற்கு நேர்மாறானது. 2013 மே மாதம் நடிகை ஏஞ்சலினா ஜோலி, தாய் 56 வயதில் புற்றுநோயால் இறந்ததையும், தனக்கு பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் திரிபு, அதாவது நோய் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம், இருப்பதையும், இரு மார்பகங்களையும் முன்கூட்டியே அகற்றிக்கொண்டதையும் பத்திரிகையில் எழுதினார். அடுத்த ஜூன், ஜூலை மாதங்களில் பிரிட்டனின் மரபணு ஆலோசனை மையங்களுக்கு அனுப்பப்பட்ட பெண்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே மாதங்களைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கானது. அறுவை சிகிச்சை, ஆண்டுதோறும் ஸ்கேன், மருந்து என்று செய்வதற்கு வழி இருந்ததால், தெரிந்துகொள்ளும் விருப்பமும் வந்தது.

எங்கள் அறையில் நடப்பது ஒன்றைச் சொன்னால், மக்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும். நாங்கள் எடுத்தவுடன் ரத்தம் எடுப்பதில்லை. ஒரு தாளில் குடும்ப வரைபடம் வரைவோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு, கணவன் மனைவியை இணைக்க ஒரு படுக்கைக் கோடு. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டியவர்களுக்கு அந்தக் கோடு இரட்டைக் கோடாகும். தமிழ்நாட்டுத் திருமணங்களில் கால் பங்குக்கும் மேல் உறவுக்குள் நடப்பவை என்பதால், எங்கள் தாள்களில் இரட்டைக் கோடு அடிக்கடி விழும்.

ஒரு நாள் 34 வயதுப் பெண் ஒருவர் தன் தாயின் பயாப்சி அறிக்கையை ஒரு நகைக்கடைப் பையில் சுருட்டி எடுத்து வந்தார். பெரியம்மா எதனால் இறந்தார் என்று கேட்டேன். "வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்று சொல்வார்கள்" என்றார். அந்த வாக்கியத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்; சூலகப் புற்றுநோய் முற்றும்போது வயிற்றில் நீர் கோக்கும். குடும்பம் நோயின் பெயரை மறந்துவிட்டு, பார்த்த காட்சியை நினைவில் வைத்திருக்கிறது. பரிசோதனையில் அவருக்கு பி.ஆர்.சி.ஏ. திரிபு இருப்பது தெரிந்தது. அவர் தன்னைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முதல் கேள்வி ஆறு வயது மகளைப் பற்றி. இரண்டாவது, 25 வயதுத் தங்கையைப் பற்றி: "அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முடிகிறவரைக்கும் சொல்லாமல் இருக்கலாமா?" தங்கைக்கும் அந்தத் திரிபு இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதையும், இருந்தால் ஸ்கேன் கண்காணிப்பைத் தொடங்க வேண்டிய வயது அதுதான் என்பதையும் எடுத்துச் சொன்னேன். அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை. மூன்று மாதம் கழித்து அவரே தங்கையை அழைத்துக்கொண்டு வந்தார். வரன் பேச்சு அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது.

இதனால்தான் தனிநபர் மரபணு பரிசோதனை என்ற பெயரில் எனக்கு நெடுநாளாகவே ஒரு மனத்தாங்கல். குழாயில் துப்புவது ஒருவர். அதில் பாதி அவருடைய தாயினுடையது, பாதி தந்தையினுடையது, உடன்பிறந்தவரோடு ஏறக்குறைய பாதி பொது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் தனிநபர்.

குடும்பத்தின் இந்த அச்சத்தை மதித்தே ஒரு சமூகம் வழி கண்டதுண்டு. கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களில் ஏறக்குறைய 30 பேரில் ஒருவர் டே-சாக்ஸ் என்னும் நோயின் திரிபைச் சுமப்பவர். சுமப்பவருக்கு எந்தத் துன்பமும் இல்லை. ஆனால் சுமக்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அந்நோய் வர வாய்ப்பு, வந்த குழந்தை பெரும்பாலும் ஐந்து வயதைத் தாண்டாது. இப்படி நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த யூத மதகுரு (ரப்பி) ஜோசப் எக்ஸ்டீன் 1983-இல் நியூயார்க்கில் டோர் யெஷோரிம் என்ற அமைப்பைத் தொடங்கினார். இளைஞர்களின் ரத்தத்தைச் சோதிப்பார்கள். முடிவைச் சொல்ல மாட்டார்கள். ஓர் எண்ணை மட்டும் கொடுப்பார்கள். சம்பந்தம் பேசும்போது இரு வீட்டாரும் இரு எண்களையும் சொன்னால், பொருந்தும் அல்லது பொருந்தாது என்று பதில் வரும். யார் மீதும் சுமப்பவர் என்ற முத்திரை விழாது. ஜாதகப் பொருத்தம் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு எளிதில் புரியும்; தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோய்க்கு இப்படி ஒன்று நம் ஊரில் வர வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

சமூகத்துக்குள்ளேயே மணந்துகொள்ளும் உள்மணம் நம்மிடையே விட்டுச்சென்ற சில திரிபுகள் உண்மையிலேயே அறியத்தக்கவை. ஆரிய வைசியர் சமூகத்தில் சிலருக்கு, அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் மருந்தை உடைக்கும் நொதி குறைவாக இருக்கும். மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளியும் அந்த மருந்து, அவர்களுக்கு மணிக்கணக்கில் நீடித்து, மூச்சுக் கருவியின் துணை தேவைப்படும். மயக்க மருத்துவர்கள் சிலர் அறுவை அறைக்கு முன் சமூகத்தைக் கேட்பது இதற்காகத்தான்.

ஆனால் கடையில் வாங்கும் பெட்டி நம் உடலுக்காகச் செய்யப்பட்டதல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் 23அண்ட்மீக்கு அனுமதித்த பி.ஆர்.சி.ஏ. அறிக்கை மூன்றே மூன்று திரிபுகளைப் பார்த்தது. மூன்றும் அஷ்கெனாசி யூதர்களிடம் மிகுதியாகக் காணப்படுபவை. இந்த மரபணுக்களில் நோயுண்டாக்கும் திரிபுகள் ஆயிரத்துக்கும் மேல். தாயையும் சித்தியையும் மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்த ஒரு தமிழ்ப் பெண், அத்தகைய அறிக்கையில் திரிபு காணப்படவில்லை என்று படித்து நிம்மதி அடைந்தால், அந்த நிம்மதி பொய். பல மரபணுக்களைக் கூட்டிக் கணக்கிடும் ஆபத்து மதிப்பெண்களும் அப்படியே. அவற்றுக்கு அடிப்படையான ஆய்வுகளில் பங்கெடுத்தோரில் ஏறக்குறைய 79 சதவீதம் ஐரோப்பிய வழியினர் என்று 2019-இல் கணக்கிட்டார்கள். தெற்காசியருக்கு அந்த மதிப்பெண்களின் துல்லியம் குறைவு.

இன்னொரு புறம், நமக்கே உரிய திரிபு கண்டறியப்பட்டாலும் பொருள் உடனே தெளிந்துவிடுவதில்லை. இதயத் தசையின் புரதம் ஒன்றுக்கான எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியரில் ஏறக்குறைய 4 சதவீதத்தினரிடம் உண்டு என்றும், அது இதயத் தசை நோயோடு தொடர்புடையது என்றும் 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வேர்கொண்ட ஆய்வு அது. அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருப்பவர்களிடமே விளைவு கூடுதலாகத் தெரிகிறது என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. கோடிக்கணக்கானோர் அந்த விடுபடலோடு நலமாக வாழ்கிறார்கள். முடிவுத் தாளில் அந்த ஒரு வரியைப் பார்த்து இரவெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, எக்கோ எடுத்துக் காட்டித் தைரியம் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

அந்தரங்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் மகனுக்காகச் சொல்கிறேன். 2018 ஏப்ரலில் கலிபோர்னியக் காவல்துறை பல கொலைகளைச் செய்த ஒருவனைப் பிடித்தது, அவனுடைய தூரத்து உறவினர்கள் ஜிஇடிமேட்ச் போன்ற உறவு தேடும் தளங்களில் போட்டிருந்த டி.என்.ஏ. தகவலைப் பின்தொடர்ந்துதான். 2023-இல் 23அண்ட்மீயின் சுமார் 14,000 கணக்குகளுக்குள் திருடர்கள் புகுந்தபோது, உறவினரைக் காட்டும் வசதி வழியாக 69 லட்சம் பேரின் தகவல் வெளியேறியது. அந்நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேரின் தகவல் யார் கைக்குப் போகும் என்று பல மாதம் பேச்சு நடந்து, கடைசியில் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கியின் லாப நோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2008-இல் வந்த அமெரிக்கச் சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுவைக் காட்டிப் பாகுபடுத்துவதைத் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கும் முதுமைப் பராமரிப்புக் காப்பீட்டுக்கும் அது பொருந்தாது.

இனி உங்கள் பெட்டி, அம்மா. முன்னோரைப் பற்றிய ஆர்வத்துக்காக என்றால் தாராளமாகச் செய்யுங்கள். உறவினரைக் காட்டும் வசதியை மட்டும் மகனிடம் பேசிவிட்டுத் தேர்ந்தெடுங்கள். எதிர்பாராத உறவு ஒன்று அதில் தெரியவந்தால் அதைத் தாங்க வேண்டியது நீங்கள் ஒருவர் மட்டுமல்ல. சர்க்கரை வரும் வாய்ப்பு பற்றிய அறிக்கை உங்களுக்கு எதையும் கூட்டாது. அது ஏற்கெனவே வந்துவிட்டது, மூன்று மாத சராசரிப் பரிசோதனை அதைவிட அதிகம் சொல்லும். அல்சைமர் போன்ற அறிக்கைகளைத் திறப்பதற்கு முன் தனியாகச் சம்மதம் கேட்டால், அன்றே பதில் சொல்ல வேண்டியதில்லை. எந்த நோயைப் பற்றியாவது திரிபு இருப்பதாக முடிவு வந்தால், மருத்துவ ஆய்வகத்தில் உறுதி செய்யாமல் எதையும் நம்பவோ செய்யவோ வேண்டாம். இத்தகைய பெட்டிகளின் மூலத் தரவில் காட்டிய திரிபுகளை ஓர் ஆய்வகம் மறுபடி சோதித்தபோது 40 சதவீதம் பொய்யாகப் போயின என்பது 2018-இல் வெளியான செய்தி.

துப்புவதற்கு முன் அரை மணி நேரம் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது என்று பெட்டியில் எழுதியிருக்கும். அந்த நேரத்தில் ஊரிலிருக்கும் உங்கள் உடன்பிறந்தவர்களுக்குப் போன் செய்து, அம்மா வழியிலும் அப்பா வழியிலும் யார் யார் எந்த வயதில் எதனால் இறந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐம்பது வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சூலகப் புற்றுநோய், உறக்கத்திலோ ஓடும்போதோ திடீரென்று நின்றுபோன இளம் இதயம், பிறந்து சில மாதங்களில் தவறிய குழந்தைகள் என்று ஏதேனும் வந்தால், பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மரபணு ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். கேட்கும்போது அத்தைகளை விட்டுவிடாதீர்கள். பி.ஆர்.சி.ஏ. திரிபு தந்தை வழியாகவும் வரும், ஆனால் வரைபடம் வரையும்போது எல்லோரும் அம்மா வீட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.